மூன்று இழுப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஏரியில் போட்ட தூண்டிலில் கானாங்கெளுத்தி மாட்டியது. ஒன்றல்ல, அடுத்தடுத்து மூன்று. கானாங்கெளுத்தி கடலில் மட்டுமே பிழைக்கிற மீன். ஏரியோ நல்ல தண்ணீர் ஏரி, ஊருக்கே குடிநீர் அங்கிருந்துதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மலையும், தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர் சாலையும், பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் இருந்தன. தூண்டில் போட்டவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மீன்களைக் கூடையில் போட்டு ஈரத்துணியால் மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி மறுபடியும் வீசினார். நாலாவதாக ஒரு கொத்துக் கடற்பாசி வந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

அடுத்தடுத்த வாரங்களில் அதே தூண்டிலில் நண்டு வந்தது, சங்கு வந்தது, துறைமுகத்து எண் பொறித்த மிதவை ஒன்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்போதும் போலக் கெளுத்தியும் கெண்டையும்தான். இடத்தை மாற்றிப் பார்த்தார்கள், தூண்டில் கம்பைக் கடன் வாங்கிப் பார்த்தார்கள், அவர் உபயோகித்த இரையையே கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பருப்பும் வேகவில்லை. குடிநீர்த் துறையிலிருந்து இருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். பத்து நாளில் பதில் வந்தது: மீன் கடல்மீன், தண்ணீர் நல்ல தண்ணீர், இரண்டுக்கும் துறைக்கும் சம்பந்தம் இல்லை. மீன்பிடிப்போர் சங்கத்தார் அந்தக் கடிதத்தைக் கரையோரத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஏற்கெனவே அங்கே 'குப்பை போடாதீர்', 'மதகுப் படியில் இறங்காதீர்' என்று இரண்டு விதிகள் எழுதியிருந்தன. அந்த இரண்டாவது விதி எழுதப்பட்ட காரணத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் பதினோரு வருடமாக அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நினைத்துப் பார்த்துவந்தார்.

ஒரு காலத்தில் அது மூன்று பேர் கூட்டு. கண்ணாடிக்கடைக்காரர், லிஃப்ட் மெக்கானிக், ரொட்டிக்கடைக்காரர் மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ரொட்டிக்கடைக்காரருக்குப் பொறுமை என்று பட்டப்பெயர். அது அவரிடம் மருந்துக்கும் இல்லாததால் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மூவரும் ஏரியில் இருப்பார்கள். விடுமுறை சேர்ந்து வந்தால் கடலுக்குப் போய் அலைத்தடுப்புச் சுவரின் பாறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். குளிர் மாதங்களில் ஏரியில் பனி இறங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது. கூப்பிடலாம் என்றால் சத்தத்துக்கு மீன் ஓடிவிடும். அதற்காக மெக்கானிக் ஒரு ஏற்பாடு செய்தார். மெல்லிய நைலான் கயிறு ஒன்றைக் கரை நெடுக ஓட்டி, மூவரும் அதை இடது கணுக்காலில் கட்டிக்கொள்வது. ஒரு இழுப்பு என்றால் இருக்கியா. இரண்டு என்றால் இருக்கேன். மூன்று என்றால் வா. மூன்று வந்துவிட்டால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு வரவேண்டும். விதியைச் செய்தவரே அதைக் கெடுக்கவும் செய்தார். கட்டையின் மேல் ஆமை வெயில் காய்கிறது என்று மூன்று இழுப்பார். கொக்கு ஒற்றைக் காலில் தூங்குகிறது என்று இழுப்பார். ஒருமுறை முதுகில் கை எட்டாத இடத்தில் அரிக்கிறது என்று இழுத்தார். மற்ற இருவரும் திட்டிக்கொண்டே வருவார்கள், வந்து பார்ப்பார்கள், பார்த்த பிறகு அவர்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

பதினோரு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பனிக்காலத்து ஞாயிறு. பொறுமை டீ வாங்க பஸ் நிறுத்தம் வரை போயிருந்தார். கண்ணாடிக்கடைக்காரரின் கம்பு அதுவரை வளையாத அளவுக்கு வளைந்தது. உள்ளே இருப்பது சாமானியமான மீன் அல்ல என்று தோள்பட்டை சொன்னது. அந்த நேரம் பார்த்துக் கணுக்காலில் மூன்று இழுப்பு. இவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தார். மறுபடியும் மூன்று. மீன் ஒரு பக்கம் இழுக்க, கால் ஒரு பக்கம் இழுக்க, மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் குனிந்து ஒரு கையால் கயிற்றை அவிழ்த்து, பக்கத்து மரத்தின் வேரில் கட்டிவிட்டார். கடையில் கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டுகிற அதே இரட்டை முடிச்சு. பிறகு இரண்டு கையாலும் மீனைப் பார்த்துக்கொண்டார். டீயோடு திரும்பிய பொறுமை, பனியில் கயிற்றைத் தடவிக்கொண்டே போய், மதகுப் படியில் பாசி வழுக்கி விழுந்து, கால் கல்லிடுக்கில் மாட்டி, உதடுவரை தண்ணீரில் வாய் திறக்க முடியாமல் இருந்த மெக்கானிக்கைக் கண்டுபிடித்தார். அவர் போட்ட கூச்சலில் ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கடைசியாக வந்து சேர்ந்தார். மெக்கானிக் அவரைப் பார்த்தார். பற்கள் கிடுகிடுக்க, குத்தலாக இல்லாமல், வழக்கமாகக் கேட்பது போலவே கேட்டார்: "மீன் கிடைச்சுதா?"

கிடைத்திருந்தது. பதினாலு கிலோ கெண்டை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதைத் திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டிருந்தார். பதற்றத்தில் தூண்டில் முள்ளைக்கூட எடுக்கவில்லை, அதைக் கட்டியிருந்த நைலான் நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டார். ஆனால் மெக்கானிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். மெக்கானிக் நொண்டிக்கொண்டே வெளியே வந்து, துறைமுக நகரத்தில் ஆறு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும்போது, அவன் பேரை என்கிட்ட எடுக்காதே என்று பொறுமையிடம் சொன்னார். மறுவாரம் கண்ணாடிக்கடைக்காரரும் அச்சுப் பிசகாமல் அதையே சொன்னார். ஒருவர் கோபத்தில் சொன்னார், மற்றவர் வெட்கத்தில் சொன்னார். அன்றிலிருந்து பொறுமை ஒரு ஞாயிறு ஏரிக்கும் ஒரு ஞாயிறு கடலுக்குமாகப் போய்வந்துகொண்டு, பதினோரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் பொறுமையாகச் செய்த ஒரே காரியம் அது. கண்ணாடிக்கடைக்காரர் வாரம் முழுக்க வாடிக்கையாளர்களின் மூக்கில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, முதல்ல போட்டது தெளிவா, இப்பப் போட்டது தெளிவா என்று கேட்பார். தனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயத்தை மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இடது காலில் இறுக்கமான காலுறை போடுவதையும் நிறுத்திவிட்டார்.

கானாங்கெளுத்தி வந்த ஏழாவது வாரம் பொறுமையால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. இரைக்காகப் பிசைந்த மைதா மாவை உருட்டியதையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தார்.

"பேரு சொல்லாம ஒரு விஷயம் சொல்லலாமாடா?"

"சொல்லு."

"ஒருத்தருக்குக் கடல்ல கெண்டை மாட்டுது. தவளை வருது. போன வாரம் தாமரைத் தண்டு பூவோட வந்துது. சுத்தி இருக்கறவங்க எல்லாருக்கும் சூரை மீனும் பாறை மீனும்தான். அவருக்கு மட்டும் இப்படி."

கண்ணாடிக்கடைக்காரர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் ரீலில் இருந்தது நூற்றைம்பது மீட்டர் நரம்பு. அது எப்படி மலைக்கு அந்தப் பக்கம் போகும் என்று அவர் கேட்கவில்லை.

"கால் எப்படி இருக்காம்?" என்று மட்டும் கேட்டார்.

"எந்தக் கால்?"

"டேய்."

"மழைக்காலத்துல வலிக்குதாம். லிஃப்ட் வேலை பண்றவர் படி ஏற முடியாம லிஃப்ட்லயே போறாரு, அதுல அவருக்கே சிரிப்பு."

அதற்கடுத்த ஞாயிறு, ஏழு மணிக்கு, கண்ணாடிக்கடைக்காரரின் நரம்பு ஒரு தடவை இழுபட்டது. மீன் கடிப்பதை நாற்பது வருடமாக அறிந்த கை அது. கொத்துகிறதா, விழுங்குகிறதா, உரசிவிட்டுப் போகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடும். இது அது எதுவும் இல்லை. சின்னதாக ஒரு வெட்டு, ஒரு கணம் பிடித்து நிறுத்தல், பிறகு மெல்ல விடுதல். லிஃப்ட் கம்பியின் விறைப்பைச் சோதிக்கிறவன் இழுக்கிற விதம். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படி இழுப்பார். நடுவில் எங்கோ, மலைக்கு அடியிலோ எங்கேயோ, இரண்டு தூண்டிலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கனத்தை விரலில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"இருக்கியான்னு கேட்டான்" என்றார். மனைவிக்கு யார் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மனைவி தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் வேலை செய்பவர். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாத விண்ணப்பங்களை முப்பது வருடமாகத் திருப்பிக் கொடுத்துப் பழகியவர். "மூஞ்சியவா கேட்டாரு?" என்றார். "இருக்கீங்களான்னுதானே கேட்டாரு. இருக்கீங்கல்ல?"

மறுவாரம் ஏழு மணிக்கு ஒரு இழுப்பு வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு இழுத்தார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு நரம்பு லேசாக நடுங்கியது. அது எந்தக் கணக்கிலும் சேராத நடுக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பனி என்றார். அன்று பனியே இல்லை. அதிலிருந்து வாரம் தவறாமல் ஏழு மணிக்கு ஒன்று, இரண்டு. அவ்வளவுதான் பேச்சு. கரையில் இருந்தவர்களுக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக, ஏழு மணியானால் தன்னால் பேச்சு நின்றது. டீக்கடையில் ரேடியோவைக் குறைத்தார்கள். நரம்பு விறைத்து, அதில் தொங்கிய நீர்த்துளிகள் வரிசையாக உதிர்வதையும், அவர் இரண்டு விரலால் பதில் சொல்வதையும் பார்ப்பதற்காகவே தூண்டில் இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார், இங்கே ஒருவர் இருக்கிறார் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. அதையே அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வருடம் ஒன்று இப்படிப் போனது.

ஆனால் கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு பயம் இருந்தது. ஒருநாள் மூன்று வந்தால்? பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். உதடுவரை இருக்கும் தண்ணீர் அதற்குள் தலைக்கு மேல் போய்விடும். படுக்கையில் படுத்துக்கொண்டு அந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் சுருக்குவது என்று யோசித்தார். டாக்ஸி என்றாலும் மலைப்பாதை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஐம்பதடி தூரம் போகாத மனிதன் தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டரை என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டார்.

மூன்று வந்தது. குளிர் மாதம், கரை முழுக்கப் பனி, ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்த வாரம் பொறுமையின் முறை ஏரிக்கு. ஆகவே கடற்கரையில் மெக்கானிக் தனியாக இருந்தார். வெட்டு, நிறுத்தல், விடுதல், வெட்டு, நிறுத்தல், விடுதல், வெட்டு. மூன்றாவது முடிவதற்குள் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்துவிட்டார். கம்பைக் கீழே வைத்து, நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மதகுப் படியில் இறங்க ஆரம்பித்தார்.

"எட்டு மணிக்கு பஸ் இருக்குடா" என்றார் பொறுமை.

"மூணு இழுத்தா கேள்வி கேக்கக் கூடாது."

"நான் கேள்வி எங்கடா கேட்டேன்? பஸ் இருக்குன்னுதானே சொன்னேன்."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, மார்புக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது. மெக்கானிக்குக்கு அன்று எங்கே நின்றதோ அதே இடம். அங்கே அவர் ஒரு கணம் நின்றார், அதன்பின் நடந்தார். கரையில் நின்றவர்கள் பனிக்குள் ஒரு தலை மறைவதைப் பார்த்தார்கள். ஒருவரும் கூச்சல் போடவில்லை. பொறுமை மட்டும் தன் டீயை முழுவதும் மண்ணில் கொட்டிவிட்டார்.

உள்ளே மூச்சு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை; அதைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை. நரம்பு முன்னால் விறைப்பாக ஓடியது, அவர் அதைச் சுருட்டிக்கொண்டே நடந்தார். ஏரியின் அடி இறங்கி மலைக்கு அடியில் போனது. மேலே மரங்களின் வேர்கள் தொங்கின. கிணறுகளின் அடிவாரங்களைக் கடந்து போனார். அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொன்றின் உச்சியிலும் காசளவு வானம், சிலவற்றில் வாளி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நாட்டின் கீழே முழுக்கத் தண்ணீர்தான் இருக்கிறது, ஆட்கள் எல்லோரும் அதன் கூரையில்தான் குடியிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. கெண்டைகள் அவரோடு கொஞ்ச தூரம் வந்து திரும்பின. ஓரிடத்தில் நாக்கில் உப்புத் தட்டியது. அங்கே கெண்டையும் கானாங்கெளுத்தியும் ஒன்றாக நீந்தின. அதைத் தாண்டியதும் வெளிச்சம் வந்தது. தலைக்கு மேல் அலைகள் புரண்டன. அவர் பார்த்ததையெல்லாம் பிற்பாடு அப்படியே எழுதிக்கொள்ள ஆசைப்பட்ட பத்திரிகைக்காரரிடம், வழியில் நின்று பார்க்கவில்லை, அவசரமாகப் போனேன் என்று மட்டும் சொன்னார்.

அலைத்தடுப்புச் சுவரின் பாறையைப் பிடித்துக்கொண்டு அவர் மேலே வந்தபோது ஏழடிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. மெக்கானிக் மடக்கு நாற்காலியில், வளையாத காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டிருந்தது.

"என்ன ஆச்சு? எங்க அடிபட்டுது?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்குடா மூணு?"

மெக்கானிக் கையை நீட்டிக் காட்டினார். பாறைகளுக்கு நடுவே அலை விட்டுப்போன குட்டையில், சுத்தமான உப்புத் தண்ணீரில், ஒரு கெண்டை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பதினாலு கிலோ அல்ல, இப்போது இருபதுக்கு மேல் இருக்கும். மேலுதட்டில் ஒரு பழைய முள், அதில் விரலளவு நரம்பு, பல்லால் கடித்த நுனி. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெண்டையும் அவர்களைப் பார்த்தது.

"கிடைச்சுது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "அன்னிக்கே விட்டுட்டேன்."

"ம்."

"கயித்த அவுத்து வேர்ல கட்டினது நான்தான்."

"முடிச்ச பாத்தேன். உன் கடைப் பெட்டி முடிச்சு." மெக்கானிக் கடலைப் பார்த்தார். "ஏழு தடவ கூப்ட்டேன்டா."

"எட்டு. மூணு என் கால்ல. மிச்சம் அஞ்சும் வேர்ல. அந்த வேர் அசையறத நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

யாரிடமும் சொல்லாத மிச்சம் அதுதான். சொன்னபிறகு அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அலைகள் வந்து வந்து போயின. மெக்கானிக் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். அவர் எழுந்து நொண்டிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் கண்ணாடிக்கடைக்காரர் நினைத்தார். போனால் அது நியாயம் என்றும் நினைத்தார்.

"இன்னிக்கு ஒரு தடவதான் கூப்ட்டேன்" என்றார் மெக்கானிக்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வேலையைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரின் சட்டைப் பையில், கண்ணாடிக் காம்பை நிமிர்த்துகிற குட்டிக் குறடு எப்போதும் இருக்கும்; நனைந்திருந்தாலும் இருந்தது. மெக்கானிக் மீனைத் தலையணை மாதிரி அணைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முள்ளை வலிக்காமல் திருகி எடுத்தார். குட்டையின் வாயைத் திறந்துவிட்டதும் கெண்டை அவசரமில்லாமல் கடலுக்குள் இறங்கி, ஏரி இருக்கும் திசையில் போனது.

கண்ணாடிக்கடைக்காரர் வந்த வழியிலேயே திரும்பினார். பொறுமை துண்டோடு கரையில் நின்றிருந்தார்; அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை, பஸ்ஸே இன்னும் கிளம்பவில்லை. அடுத்த ஞாயிறு கண்ணாடிக்கடைக்காரர் மூன்று இழுத்தார், மெக்கானிக் வந்து சேர்ந்தார். தண்ணீருக்குள் காலில் நொண்டல் தெரியவில்லை என்றார். மதகுக் கட்டையில் ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தது, அதைக் காட்டத்தான் கூப்பிட்டது. அதன்பின் மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது ஒருவர் அந்த வழியில் போவதும் வருவதும் ஊருக்குப் பழகிவிட்டது. பொறுமை மட்டும் இன்றுவரை பஸ்ஸில்தான் போகிறார், தண்ணீருக்குள் நடக்கத் தனக்குப் பொறுமை இல்லை என்கிறார். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி ஒரு சட்டையும் துண்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். சங்கத்தார் கூட்டம் போட்டு, 'மதகுப் படியில் இறங்காதீர்' என்ற விதியை அழிக்காமல், அதன் கீழே அதே பெயின்டில் இன்னொரு வரி எழுதினார்கள்: 'மூன்று இழுப்பு வந்தவருக்கு மட்டும் வழி விடவும்.'